கடற்கரைப் பிள்ளைகளின் கல்லூரிப் பணம்: எங்கே இருக்கிறது, ஏன் ஜூனில் கைக்கு வருவதில்லை?

மண்டபம்_தெற்கு

விசைப்படகுகளுக்குத் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள். பிளஸ் டூ முடிவு வருவது மே முதல் இரண்டு வாரத்துக்குள். கலைக் கல்லூரி விண்ணப்பம், பொறியியல் கலந்தாய்வுப் பதிவு, வருமானச் சான்று, சாதிச் சான்று எல்லாமே அந்த இரண்டு மாதத்தில்தான் வந்து குவியும். வீட்டுக்கு வருமானமே இல்லாத நேரம் அது. படகைக் கரையேற்றி மராமத்துப் பார்க்கவே கடன் வாங்க வேண்டியிருக்கிறது. நிவாரணத் தொகை 8,000 ரூபாய் வந்தாலும் வலைக்கும் அரிசிக்கும் போய்விடும்.

உயர்கல்விக்கு அரசு பணம் ஒதுக்காமல் இல்லை. ஆனால் தேவைப்படும் வாரத்தில் அது கைக்கு வருவதில்லை, சிலருக்கு வருவதே இல்லை. இராமநாதபுரம் கரையில் தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை உள்ள பிள்ளைகளுக்குப் பயன்படும்படி, விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். "நிறைய ஸ்காலர்ஷிப் இருக்கு" என்று பொதுவாக வேண்டாம். எந்தப் பணம், யாருக்கு, எந்தக் காகிதம், எந்த இடத்தில் மாட்டிக்கொள்ளும் என்று எழுதினால் போதும்.

கோப்புப்பிரிவு

முதலில் செலவே குறைவான வழியைச் சொல்லிவிடுகிறேன். அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலைப் படிப்புக்குக் கல்விக் கட்டணம் கிடையாது. சிறப்புக் கட்டணம், பல்கலைக்கழகக் கட்டணம், தேர்வுக் கட்டணம் மட்டும்தான். இணையவழி விண்ணப்பத்துக்கு 48 ரூபாய், பதிவுக்கு 2 ரூபாய். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் 2 ரூபாய் மட்டும். நம் கரையில் இராமேசுவரத்தில் கலாம் பெயரில் உள்ள அரசு கல்லூரி, இராமநாதபுரத்தில் சேதுபதி அரசு கலைக் கல்லூரி, சாயல்குடி, வாலிநோக்கம் பக்கத்துக்குக் கடலாடி, தொண்டி, நம்புதாளை பக்கத்துக்குத் திருவாடானை. ஒரே விண்ணப்பத்தில் பல கல்லூரிகளைக் கேட்கலாம். ஒரு கல்லூரியை மட்டும் போட்டுவிட்டு, இடம் கிடைக்காததும் தனியாருக்குப் போவதுதான் பெரிய இழப்பு.

அடுத்து மாதம் 1,000 ரூபாய். மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் 5 முதல், மாணவர்களுக்குத் தமிழ்ப்புதல்வன் 2024 ஆகஸ்ட் 9 முதல். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்திருக்க வேண்டும். வருமான வரம்பு கிடையாது. வேறு உதவித்தொகை வாங்கினாலும் இது தனியாக வரும். தொலைநிலைக் கல்விக்குக் கிடையாது. இதற்கு மாணவர் தனியாக எங்கும் போய் எழுதிக்கொடுக்க வேண்டியதில்லை. கல்லூரியின் பொறுப்பாசிரியர் யூமிஸ் என்ற கல்லூரி மாணவர் விவரத் தளத்தில் ஏற்ற வேண்டும். பள்ளி எமிஸ் எண்ணும் (பள்ளி மாணவர் பதிவேட்டில் உள்ள எண்) ஆதாரும் ஒத்துப்போகாவிட்டால் அங்கேயே நிற்கும். டி.சி. வாங்கப் போகிற அன்றே எமிஸ் எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆகஸ்டில் பள்ளிக்குத் திரும்பிப் போய் அலையும் வேலை மிச்சம்.

மூன்றாவது, சாதிவழி உதவித்தொகை. ஆதிதிராவிடர், பழங்குடியினருக்குப் பள்ளிமேற்படிப்பு உதவித்தொகை. குடும்ப ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள். பிற்படுத்தப்பட்டோர், மிகப் பிற்படுத்தப்பட்டோர், சீர்மரபினருக்கும் முதுநிலை, தொழிற்படிப்பு என்றால் அந்த வரம்புதான்; அரசு, உதவிபெறும் கல்லூரியில் மூன்றாண்டு இளநிலைக்கு வருமான வரம்பு இல்லை. மரைக்காயர், ராவுத்தர், லெப்பை வீட்டுப் பிள்ளைகள் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம் பிரிவில் வருவார்கள். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் சாதிச் சான்று எடுக்காமலே விட்டுவிடுகிற குடும்பங்கள் நிறைய. அந்த ஒரு காகிதம் இல்லையென்றால் 3.5 சதவீத இட ஒதுக்கீடும் போச்சு, உதவித்தொகையும் போச்சு.

இசேவை_பெருங்குளம்

சான்றிதழ் விஷயத்தை நான் சொல்லிடுறேன். முதலில் கேன் எண், அதாவது இ-சேவைத் தளத்தில் ஆளுக்குரிய பதிவு எண் எடுக்கணும், குடும்பத்தில் ஆளுக்கு ஒன்று. அது இருந்தாத்தான் சாதிச் சான்று ரெவ்-101, இருப்பிடம் 102, வருமானம் 103, முதல் பட்டதாரி 104 எல்லாம் பதிய முடியும். ஒவ்வொன்றுக்கும் சேவைக் கட்டணம் 60 ரூபாய். அதுக்கு மேல யாராவது கேட்டா ரசீதைக் கேளுங்க.

இங்கே மாட்டுறது பெரும்பாலும் ஓ.டி.பி.யில்தான். ஆதாரோட இணைச்ச போன் நம்பர் அப்பாவோடது. அவர் கடலுக்குள்ள, டவர் கிடைக்காத தூரத்தில். ஓ.டி.பி. சில நிமிஷத்தில் காலாவதி ஆயிடும். அன்றைக்கு ஒன்றும் பதிய முடியாது, கடல்ல இருந்து வந்த பிறகுதான். அதனால தடைக்காலம் தொடங்கின உடனே, அப்பா கரையில் இருக்கும்போதே, பிள்ளையோட ஆதாரில் அம்மா நம்பரையோ பிள்ளை நம்பரையோ மாற்றிடுங்க. ஆதார் மையத்துக்குப் போற அன்றைக்கே 15 வயசு கைரேகைப் புதுப்பிப்பும் முடிஞ்சிருக்கான்னு பாருங்க. 15 முதல் 17 வயசு வரை அது இலவசம். அதை விட்டா பின்னால கைரேகை ஒத்துவராது.

வருமானச் சான்று ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். போன வருஷத்து காகிதத்தை ஏற்றிட்டு, நிராகரிப்பு வந்தப்புறம் ஓடிவர்றாங்க. இன்னொன்று: படகு வைச்சிருக்கிற வீட்டில் வருமானத்தைக் கேட்டா, ஏலத்தில் விழுந்த மொத்தத் தொகையைச் சொல்லிடுறாங்க. அது படகோட வரவு. டீசல், ஐஸ், ஆள் பங்கு, வட்டிக்காரர் கழிவு எல்லாம் போக வீட்டுக்கு மிஞ்சுறதுதான் குடும்ப வருமானம். வி.ஏ.ஓ. விசாரிக்கும்போது அதை ஒழுங்காச் சொல்லணும். மறைக்கிறதும் வேண்டாம், இல்லாததைக் கூட்டிச் சொல்றதும் வேண்டாம்.

சங்குக்கரை

அண்ணே, ஒரு சந்தேகம். தங்கச்சிமடம், பாம்பன், கீழக்கரை பக்கமெல்லாம் பாதிப் பிள்ளைகள் படிப்பது உதவிபெறும் பள்ளிகளில். ஆசிரியருக்குச் சம்பளம் அரசுதான் தருகிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இந்த 1,000 ரூபாயும், தொழிற்படிப்புச் சேர்க்கையில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடும் உண்டா?

கோப்புப்பிரிவு

இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும் தம்பி. மாதம் 1,000 ரூபாய் உதவிபெறும் பள்ளிகளுக்கும் விரிவாக்கப்பட்டிருக்கிறது, ஆனால் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மட்டும். அதே பள்ளியில் ஆங்கிலவழிப் பிரிவில் உட்கார்ந்த பிள்ளைக்குக் கிடையாது. ஒன்பதாம் வகுப்பில் பிரிவு மாறும்போது இதைப் பெற்றோர் யோசிப்பதில்லை.

7.5 சதவீதம் வேறு. 2020இல் மருத்துவத்துக்குச் சட்டம், 2021இல் பொறியியல், வேளாண்மை, கால்நடை, மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும். அது அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்களுக்கு மட்டும்தான். உதவிபெறும் பள்ளிக்குக் கிடையாது. ஒரு விலக்கு: கல்வி உரிமைச் சட்டத்தின்கீழ் 8ஆம் வகுப்பு வரை தனியார் பள்ளியில் இருந்து, 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் தகுதி பெறுவார்கள். 7.5இல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம் இரண்டையும் அரசே கட்டிவிடும். தனியார் கல்லூரி ஆனாலும் கலந்தாய்வு வழி என்றால் அப்படித்தான்.

இதில் நம் கரைக்கு ஓர் அநியாயம் இருக்கிறது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அரசுப் பள்ளி இல்லாத மீனவக் கிராமத்தில்தான் தேவாலயமும் ஜமாஅத்தும் பள்ளி கட்டின. அங்கே படித்தது அந்தப் பிள்ளையின் தேர்வு அல்ல. அதே தெரு, அதே வள்ளம், அதே வறுமை. பள்ளிப் பலகையில் எழுதியிருக்கும் பெயர் ஒன்றுதான் வேறு.

கணக்குப்புத்தகம்

வங்கிப் பக்கத்தை எழுதுகிறேன். "பணம் வரவில்லை" என்று வரும் பத்தில் பெரும்பான்மை இங்கேதான்.

ஆதாரைக் கணக்கோடு இணைப்பது ஒன்று. அந்தக் கணக்கை என்.பி.சி.ஐ. (தேசியப் பணப்பட்டுவாடாக் கழகம்) பட்டியலில் சீடிங் செய்வது, அதாவது அரசுப் பணம் வர வேண்டிய கணக்காகப் பதிவது, வேறொன்று. கே.ஒய்.சி.க்காக ஆதார் நகல் கொடுத்திருந்தால் முதலாவது முடிந்திருக்கும். அரசுப் பணம் வருவது இரண்டாவதைப் பார்த்து. ஓர் ஆதாருக்கு ஒரே ஒரு கணக்குதான் அந்தப் பட்டியலில் இருக்கும், கடைசியாகச் சீடிங் செய்தது. கல்லூரியில் கூட்டுறவு வங்கிப் பாஸ்புக்கைக் கொடுத்திருப்பார்கள்; பட்டியலில் இருப்பது மூன்று வருடத்துக்கு முன் தபால்காரர் திறந்துவிட்ட அஞ்சலக வங்கிக் கணக்கு. பணம் அங்கே போய் உட்கார்ந்திருக்கும். வரவில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பார்ப்பது சுலபம். சாதாரண போனிலேயே *99*99*1# அழுத்தி ஆதார் எண் கொடுத்தால் சீடிங் உண்டா, எந்த வங்கி என்று காட்டும். மை ஆதார் தளத்திலும் பார்க்கலாம். வங்கி தவறாக இருந்தால், பணம் வர வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய் ஆதார் சீடிங் படிவத்தை நிரப்பிக் கொடுங்கள். "லிங்க் பண்ணுங்க" என்று சொன்னால் பழைய பதிலே வரும். "டி.பி.டி.க்கு (அரசுப் பணம் நேரடியாகக் கணக்குக்கு வருவதற்கு) என்.பி.சி.ஐ. சீடிங்" என்று சொல்லுங்கள். சில நாள் கழித்து மறுபடி அதே எண்ணை அழுத்திப் பாருங்கள்.

பள்ளியில் திறந்த ஜீரோ பேலன்ஸ் கணக்கு முடங்கிவிட்டது என்று சொன்னால்: உதவித்தொகைக்காகத் திறந்த கணக்கை, இரண்டு வருடம் வரவுசெலவு இல்லை என்பதற்காக முடங்கிய கணக்காக்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரி 1 சுற்றறிக்கையில் சொல்லியிருக்கிறது, 2024 ஏப்ரல் முதல் நடப்பு. ஆனால் 18 வயது முடிந்ததும் மைனர் கணக்கை மாற்றிப் புதுக் கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுக்க வேண்டும். அது மாணவர் செய்ய வேண்டிய வேலை.

பெயர்ப் பிழை தனி. மதிப்பெண் பட்டியலில் ஞானஸ்நானப் பெயர், ஆதாரில் வீட்டுப் பெயர். அல்லது மூன்று இனிஷியல் இருக்கிற இடத்தில் ஒன்று. மதிப்பெண் பட்டியலைத் திருத்துவது மாதக்கணக்கில் இழுக்கும். ஆதாரை மதிப்பெண் பட்டியலுக்கு ஒத்தபடி மாற்றிவிட்டு, பிறகு வங்கியில் மாற்றுங்கள். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்தால் இரட்டை வேலை.

கச்சான்_காற்று

எல்லாரும் நல்லபடியா எழுதிட்டீங்க. இதையெல்லாம் ஒரே நாளில் கெடுக்கிற ஆளைப் பற்றி எழுதலையே.

மே மாசம் ஊருக்குள்ள முகவர்கள் வருவாங்க. "முதல் பட்டதாரிச் சலுகை வாங்கித் தர்றோம், ஸ்காலர்ஷிப்பில் ஃப்ரீ, ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுங்க" என்பாங்க. சேர்க்கிறது நிர்வாக ஒதுக்கீட்டில். முதல் பட்டதாரிச் சலுகை, அதாவது சுயநிதிப் பொறியியல் கல்லூரியில் வருஷத்துக்கு 25,000 ரூபாய் குறையறது, கலந்தாய்வு மூலம் வந்தாத்தான். ஆதிதிராவிடர் மாணவர்களின் பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையும் நிர்வாக ஒதுக்கீட்டுக்கு இல்லைன்னு மத்திய வழிகாட்டு நெறியிலேயே இருக்கு. ஒரு கையெழுத்தில் இரண்டும் போயிடும். இரண்டாம் வருஷம் முழுக் கட்டணம் கேட்கும்போதுதான் தெரியவரும்.

கலந்தாய்வுப் பதிவுக் கட்டணம் 500 ரூபாய், ஆதிதிராவிடர், அருந்ததியர், பழங்குடியினருக்கு 250. அந்தக் காசை மிச்சம் பிடிக்கப் போய் நாலு வருஷத்தையும் இழக்காதீங்க.

இன்னொன்று, ஒரிஜினலைப் பிடிச்சு வைக்கக் கூடாதுன்னு 2018 அக்டோபர் யு.ஜி.சி. அறிவிக்கையில் தெளிவா இருக்கு. கட்டணத்தைத் திருப்பித் தர்றதுக்கும் அதில் அளவு உண்டு. சேர்க்கைக் கடைசி நாளுக்கு 15 நாள் முன்னாடி விலகினா முழுசும், அதுக்குள்ள 90 சதவீதம், கடைசி நாள் கழிஞ்சு 15 நாள் வரை 80, 30 நாள் வரை 50, அதுக்கப்புறம் எதுவும் இல்லை. தனியாரில் சேர்ந்த பிறகு அரசு கல்லூரியில் இடம் கிடைச்சா, அன்றைக்கே எழுத்தில் விலகல் கடிதம் கொடுத்து முத்திரையோட நகல் வாங்குங்க. வாய்ச்சொல்லுக்குத் தேதி கிடையாது.

இசேவை_பெருங்குளம்

கச்சான் அண்ணன் சொன்னதோட சேர்த்து: முதல் பட்டதாரிச் சான்றான ரெவ்-104க்கு அப்பா, அம்மா, கூடப் பிறந்தவங்க, தாத்தா பாட்டி எல்லாருடைய படிப்பு விவரமும் கேட்பாங்க. பள்ளிக்கூடமே போகாதவருக்கு டி.சி. எங்கே இருக்கும்? உறுதிமொழியில் "படிக்கவில்லை"ன்னு எழுதணும், கட்டத்தை வெறுமனே விட்டா திரும்பி வரும். அக்காவோ அண்ணனோ டிகிரி முடிச்சிருந்தா தம்பிக்கு இது கிடையாது. மறைச்சு வாங்கினா பின்னாடி ரத்தாகும், கட்டணமும் திருப்பிக் கட்டணும்.

உப்பங்கழி

நடைமுறை விவரங்கள் எல்லாம் சரி. ஆனால் கேள்வி இன்னும் அடியில் இருக்கிறது. தமிழ்நாட்டின் உயர்கல்விச் சேர்க்கை விகிதம் 2021-22 கணக்கெடுப்பில் 47 சதவீதம், நாட்டின் அளவு 28.4. நல்ல எண்தான். ஆனால் அந்தச் சராசரிக்குள் கோவையும் இருக்கிறது, நிதி ஆயோக் 2018இல் பின்தங்கிய மாவட்டமாகக் குறித்த இராமநாதபுரமும் இருக்கிறது. மாநிலம் 2025-26 பட்ஜெட்டில் உயர்கல்வித் துறைக்கு 8,494 கோடி ஒதுக்கியது. அந்தப் பணம் மாணவரின் கணக்குக்குப் போக வேண்டுமா, கல்லூரிக்குப் போக வேண்டுமா?

என் கருத்து, கல்லூரிக்கு. ஆளுக்கு 1,000 ரூபாய் கொடுத்து, கௌரவ விரிவுரையாளர்களை வைத்தே ஓட்டும் துறையில் உட்கார வைத்தால் அது படிப்பாகாது. 4,000 உதவிப் பேராசிரியர் பணியிடங்களுக்கு 2024 மார்ச்சில்தான் அறிவிக்கை வந்தது என்பதே நிலைமையைச் சொல்கிறது. இராமேசுவரத்துக் கல்லூரியில் ஆய்வகமும் நிரந்தர ஆசிரியரும் இருந்தால், பிள்ளை 55 கிலோமீட்டர் தாண்டி இராமநாதபுரத்துக்கு ஏன் போக வேண்டும்?

அலைவாய்_செல்வி

உப்பங்கழி அண்ணே, ஆசிரியர் வேண்டும் என்பதில் மறுப்பில்லை. ஆனால் அந்த 1,000 ரூபாயைச் சின்னதாக எண்ண வேண்டாம். அது பெண்பிள்ளையின் பெயரில், அவள் கணக்கில் வருகிறது. கடற்பாசி எடுக்கவோ இறால் கம்பெனிக்கோ போனால் வாரக் கூலி கையில் கிடைக்கும் என்று வீட்டில் பேச்சு எழும்போது, மாதம் தவறாமல் வரும் பணம் அந்தப் பேச்சை நிறுத்துகிறது. ஊர்ப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. ஆனால் இராமேசுவரத்திலிருந்து இராமநாதபுரம் வருவது புறநகர்ப் பேருந்து, அதில் டிக்கெட் உண்டு. அரசு கல்லூரிப் பிள்ளைக்குப் பஸ் பாஸ் உண்டு, ஆனால் அது அச்சாகி வரும்வரை கைக்காசுதான். முதல் பருவத்தில் படிப்பை விடுகிறவர்கள் அந்த இடைவெளியில்தான் விடுகிறார்கள்.

விடுதியையும் சொல்ல வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதியில் சேர வீடு 8 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்க வேண்டும் என்று விதி, ஆனால் மாணவிகளுக்கு அந்தத் தூர விதி பொருந்தாது. இது தெரியாமலே "நம்ம ஊரு பக்கம்தானே, கிடைக்காது" என்று விண்ணப்பிக்காமல் விடுகிறார்கள். அந்த விடுதியில் உணவுக்கு அரசு தருவது கல்லூரி மாணவருக்கு மாதம் 1,500 ரூபாய். நாளுக்கு 50 ரூபாயில் மூன்று வேளை. ஒதுக்கீட்டைக் கூட்டுவதானால் நான் முதலில் அங்கே கூட்டுவேன்.

கோப்புப்பிரிவு

இருவர் சொல்வதும் ஒரே முடிச்சில் வந்து நிற்கிறது: பணம் வரும் காலம். ஆதிதிராவிடர் பள்ளிமேற்படிப்பு உதவித்தொகையை எடுத்துக்கொள்ளுங்கள். மத்திய பங்கு 60, மாநிலப் பங்கு 40. மாநிலம் சரிபார்த்துத் தன் பங்கை விடுவித்த பிறகே மத்திய பங்கு மாணவர் கணக்குக்கு வரும். கல்லூரி கட்டணம் கேட்பது ஜூலையில். பணம் வருவது பருவம் முடிகிற சமயம், சில ஆண்டு அதற்கும் பின்னால். கைக்காசு போட்டுக் கட்ட முடிந்த வீட்டுக்குத்தான் இது உதவி. முடியாத வீடு கந்துவட்டிக்குப் போகிறது, அல்லது பிள்ளையை நிறுத்துகிறது.

இதற்கு வழி அந்த உதவித்தொகைக்கான மத்திய நெறிமுறையிலேயே எழுதப்பட்டிருக்கிறது. ஃப்ரீஷிப் கார்டு என்று பெயர். தகுதியுள்ள மாணவர் அதைக் காட்டினால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் முன்பணமாகக் கட்டாமல் சேரலாம். உதவித்தொகை வந்ததும் கட்ட வேண்டும். சேர்க்கைக்கு முன்பே ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் இதைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். கேட்காவிட்டால் யாரும் எடுத்துத் தரமாட்டார்கள். கட்டணம் தவிரப் படிப்புப்படியும் உண்டு: பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப் படிப்புக்கு ஆண்டுக்கு விடுதியில் இருப்பவருக்கு 6,000, வீட்டிலிருந்து வருபவருக்கு 3,000. பொறியியல், மருத்துவத்துக்கு 13,500, 7,000. மாணவர் பெயரில் வரும் பணம் என்பதால் கட்டணப் பங்கு வந்ததும் கல்லூரிக்குக் கட்டி ரசீதை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

ஃப்ரீஷிப் கார்டு போன்ற ஏற்பாடு கடற்கரையின் மிகப் பிற்படுத்தப்பட்ட வீடுகளுக்கும் வேண்டும். தடைக்காலம் எந்தத் தேதியில் தொடங்கும் என்று அரசுக்கு முன்கூட்டியே தெரியும். அந்தத் தேதியோடு சேர்த்து உதவித்தொகைக்கு முன்பணம் விடுவிப்பது கூடுதல் செலவுகூட அல்ல. ஆறு மாதம் கழித்துக் கொடுக்கும் அதே பணத்தை முன்னால் கொடுப்பதுதான்.

சங்குக்கரை

நாட்டுப்படகுக்குத் தடை இல்லையே அண்ணே, அந்த வீடுகளுக்கும் ஜூனில் இதே நிலைதானா?

மண்டபம்_தெற்கு

தடை இல்லை, ஆனால் அந்த மாதங்களில் கச்சான் (மேல்காற்று) அடித்தால் பாக் நீரிணைப் பக்கம் ஓரளவு போகலாம், மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் கொந்தளித்து வள்ளம் இறங்காத நாள்கள் நிறைய. ஆகவே பெரிய வித்தியாசம் இல்லை தம்பி.

கணக்குப்புத்தகம்

கல்விக்கடன் பற்றி யாரும் கேட்கவில்லை, சுருக்கமாக. 4 லட்சம் வரை சொந்தப் பங்குத்தொகை தேவையில்லை. 7.5 லட்சம் வரை சொத்து அடமானம் கேட்கக் கூடாது. "உங்க ஊர் எங்க கிளை எல்லைக்குள்ள வராது" என்று திருப்பி அனுப்பக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2012லேயே சொல்லிவிட்டது; எழுத்தில் மறுப்பு கேளுங்கள். குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்து, அங்கீகாரம் பெற்ற கல்லூரியில் தொழிற்படிப்பு என்றால், படிக்கும் காலம் கூட்டல் ஒரு வருடத்துக்கான வட்டியை மத்திய அரசு ஏற்கும். அதற்கு வருமானச் சான்று கடன் கொடுக்கும் நேரத்திலேயே கோப்பில் இருக்க வேண்டும்.

உப்பங்கழி

கடல் சார்ந்த படிப்பையும் சேர்த்துவிடுங்கள். மீன்வளப் பல்கலைக்கழகத்தின் நான்காண்டு மீன்வளப் பட்டமான பி.எஃப்.எஸ்சி.க்கு நீட் தேவையில்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். மீனவர் வாரிசுகளுக்குத் தனி ஒதுக்கீடு உண்டு. மீன்வளத்துறை அலுவலகத்தில் அதற்கான சான்றை முன்கூட்டியே வாங்குங்கள். உயிரியல் எடுத்திருக்க வேண்டும் என்பதை பத்தாம் வகுப்பு முடிந்த அன்றே சொல்ல வேண்டும். முதுநிலைக்குத் தொண்டியிலேயே அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை இருக்கிறது. பொதுப் பணத்தில் நம் கரையிலேயே கட்டப்பட்ட இடம், நம் பிள்ளைகளே அங்கே குறைவாகத் தெரிந்தால் அது நம் எல்லோருக்கும் கவலையாக இருக்க வேண்டும்.

மண்டபம்_தெற்கு

எல்லோருக்கும் நன்றி. ஏப்ரல் 15க்கு முன் மீன் ஏலக்கூடத்திலும் சங்கப் பலகையிலும் ஒட்ட ஒரு பக்கத் தாள் தயார் செய்கிறேன். முதலில் போன் நம்பர், பிறகு பெயர்த் திருத்தம், வங்கிக் கணக்கு, அதன் பிறகு 101, 103, 104 என்ற வரிசையில். தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

கணக்குப்புத்தகம்

"வங்கிக் கணக்கு" என்று மட்டும் போடாதீர்கள் ஐயா. "என்.பி.சி.ஐ. சீடிங் ஆன கணக்கு" என்று போட்டு, பக்கத்தில் அந்த *99*99*1# எண்ணைப் பெரிய எழுத்தில் அச்சிடுங்கள்.

அலைவாய்_செல்வி

தாளை ஏலக்கூடத்தில் மட்டும் ஒட்டினால் ஆண்கள்தான் பார்ப்பார்கள். ரேஷன் கடையிலும், மீன் காயவைக்கிற களத்திலும் ஒட்டுங்கள். சான்றிதழுக்கு அலைவது அம்மாக்கள்.